கிணற்றடியில் பத்துச் செக்கன்

அன்று பின்னேரம் எங்கள் முற்றத்தில் நின்றவர்களைச் சொல்கிறேன்.

அக்கா. எங்கள் நாலு பேரில் மூத்தவர். கனடாவிலிருந்து மூன்று கிழமைக்கு வந்திருந்தார். வெள்ளைச் சப்பாத்து. இரண்டு முழங்காலிலும் இறுக்கிய பட்டி.

பெரியண்ணை. அக்காவுக்கு அடுத்தவர். அண்ணி இறந்து நாலு வருடம். தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தார். கையில் குடை. மழை இல்லை.

சின்னண்ணை. அவருக்கு அடுத்தவர். நீலச் சேட்டு. தோட்டத்திலிருந்து நேரே வந்தபடியால் கணுக்கால் வரை செம்மண்.

என் மனைவி மங்கை. குசினி வாசலில், தேத்தண்ணித் தட்டோடு.

நான். கடைசி. வலது கால் கொஞ்சம் கட்டை.

ஆடு ஒன்று. கட்டியிருந்தது.

பெரியண்ணையும் சின்னண்ணையும் ஒருவரோடு ஒருவர் கதைத்து ஒன்பது வருடம். அக்கா அடுத்த நாள் காலை பத்து மணிக்கு விமான நிலையத்துக்கு வான் ஏற வேண்டும். "இனி வரமாட்டன். முழங்கால் விடாது" என்று வந்த அன்றே சொல்லியிருந்தார். அழவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

போகமுதல் அவருக்கு ஒன்று வேண்டும். நாலு பேரும் சேர்ந்து நிற்கிற ஒரு படம். மங்கையும் நிற்க வேண்டும் என்றார். "அவளும் எங்கடை ஆள்தானே." ஆகவே ஐந்து பேர்.

ஆணி

நாலு பேரும் நின்ற படம் முன்பு ஒன்று இருந்தது. ஐயா எங்களை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்ரூடியோவில் எடுப்பித்தது. எனக்கு அப்போது அரைக் காற்சட்டை. பெரியண்ணை அந்தப் படத்தில் முறைத்துக்கொண்டு நிற்பார். போகிற வழியில் சின்னண்ணை பஸ்ஸில் அவருடைய புதுச் சேட்டில் சத்தி எடுத்திருந்தார்.

அதைக் கண்ணாடி போட்டு முன் அறையில் மாட்டியிருந்தோம். இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது தையல் மெசின் ஏற்றினோம், விதை வெங்காயம் ஏற்றினோம், உரல்கூட ஏற்றினோம். படத்தை மற்றவர் எடுத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். திரும்பி வந்தபோது ஆணி இருந்தது.

அக்கா அதற்கு முன்பே கனடா போய்விட்டார். ஐயா செத்தபோது சண்டை, பாதை இல்லை. அம்மா செத்தபோது அக்காவிடம் கனடாக் கடதாசி இல்லை. இப்போது பாதை இருக்கிறது, கடதாசி இருக்கிறது. முழங்கால் இல்லை.

அக்காவிடம் நல்ல போன் இருக்கிறது. போனில் எடுத்த படம் போனோடு போகும், ஏற்கனவே ஒரு போனோடு போனது என்றார். அவருக்குச் சுவரில் மாட்டுகிற படம் வேண்டும். "உன்ரை கமெராவிலை எடு" என்றார்.

ஜேர்மன் கதைக்கிற சாமான்

இந்தக் கமெராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிணறு இறைத்துச் சேறு வாரும்போது விழுந்து கால் முறிந்தபின் தோட்ட வேலை எனக்குச் சரிவரவில்லை. அந்த வருடம் மங்கையின் தம்பி ஜேர்மனியிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தார். போகும்போது கமெராவை விட்டுவிட்டுப் போனார். "அத்தான், எனக்குப் புதுசு இருக்கு. இது பழசெண்டாலும் உழைக்கும்" என்றார். உழைக்கிறது. அதற்குப் பிறகு ஊரில் பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் நான்தான் எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கமெராப் புத்தகமும் ஜேர்மன் பாசை. வாசிக்க முடியாததை வாசிக்கவில்லை என்று எனக்கு ஒரு குறையும் இல்லை.

உள்ளே வருகிற எழுத்தெல்லாம் ஜேர்மன்தான். அதை மாற்றலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாற்றுகிற இடமும் ஜேர்மனில் இருக்கிறது.

இது விலை குறைந்த வகை. படிக்கிறவர்கள் வாங்குகிறது. ஆறு மெகாபிக்சல். மருமகனின் போனில் ஐம்பது. வீடியோ எடுக்காது. பிடிக்கிற இடத்து றப்பர் கழன்றுவிட்டது. சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டியிருக்கிறேன். படம் எடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். செத்தவீட்டில் ஒப்பாரி நடுவே அடித்தால் அழுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அழுவார்கள்.

வானம் வருகிற படங்களில் வலது மேல் மூலையில் எப்போதும் ஒரு புள்ளி. கொடியேற்றத்திலும் இருந்தது. உள்ளே தூசு. ஊதினால் இரண்டாகும் என்று நகரத்தில் கடைக்காரர் சொன்னார். நான் ஊதவில்லை.

இன்னொரு சங்கடம். இதில் ஒரு கண்ணை மூடிச் சின்ன ஓட்டையால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். திரையில் ஒன்றும் தெரியாது. போன் பழகிய ஆட்கள் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "அண்ணை, இது செத்துப்போச்சு" என்று திருப்பித் தருவார்கள். ஆகவே நானும் நிற்க வேண்டிய படம் என்றால் கமெராவே தானாக எடுக்கிற முறையில்தான் எடுக்க வேண்டும். அழுத்தினால் முன்னால் ஒரு லைற் மின்னும். பத்துச் செக்கன். கடைசி இரண்டு செக்கன் கெதியாக மின்னும். பிறகு டக்.

ஒரு படம் எடுத்ததும் அது தன்பாட்டில் பழைய முறைக்குப் போய்விடும். அடுத்த படத்துக்குத் திரும்பவும் வைக்க வேண்டும். ஏன் என்று தெரியாது. ஜேர்மனில் எழுதியிருக்கும்.

ஒன்பது வருடம்

அண்ணைமார் இரண்டு பேருக்கும் எனக்கும் பொதுக் கிணறு ஒன்று. ஐயா விட்டது. தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் மெசின் ஒன்று. அதுவும் பொது. கயிறு சுற்றி இழுத்தால்தான் அது ஸ்ராட் ஆகும். கயிறு கிணற்றடிக் கொட்டில் ஆணியில் தொங்கும். இரண்டு நாள் பெரியண்ணை முறை, இரண்டு நாள் சின்னண்ணை முறை. என் காணித் துண்டில் வாழை. போகிற போக்கில் இரண்டு பேரும் தண்ணீர் விடுவார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன், கிணறு அடிமட்டத்துக்குப் போகிற மாதம். பெரியண்ணை ஒரு செத்தவீட்டுக்கு வல்வெட்டித்துறை போயிருந்தார். அன்று அவருடைய முறை. வந்து பார்த்தால் கிணற்றில் மணல் தெரிகிறது. சின்னண்ணையின் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. பெரியண்ணையின் வெங்காயம் அப்போதுதான் முட்டி வைக்கிற பருவம். இரண்டு நாள் பிந்தியது. மேல் துண்டு முழுக்க வாடியது.

பெரியண்ணை பத்துப் பேர் நிற்க, ஒழுங்கையில் வைத்துச் சின்னண்ணையைக் கள்ளன் என்றார். சின்னண்ணை பதில் சொல்லாமல் போனார். அவ்வளவுதான்.

முறை மட்டும் பிழைக்கவில்லை. முறை மாறுகிற நாள் ஒருவர் காலை ஆறரைக்குக் கயிற்றை ஆணியில் கொழுவிவிட்டுப் போவார். மற்றவர் ஏழு மணிக்கு வருவார். அந்த அரை மணித்தியாலம் ஒன்பது வருடமாக ஒருநாளும் குறையவில்லை.

ஏதும் சொல்ல வேண்டுமென்றால் நான்தான். கோயிலில், கலியாண வீட்டில், இரண்டு பேரும் எட்டும் தூரத்தில் நிற்பார்கள்.

"உவனிட்டைச் சொல்லு, மெசின் எண்ணெய் ஒழுகுதெண்டு."

"சின்னண்ணை, எண்ணெய் ஒழுகுதாம்."

"வாசர் மாத்தியாச்செண்டு சொல்லு."

"பெரியண்ணை, வாசர் மாத்தியாச்சாம்."

"எனக்குக் காது கேக்குது. ஏன் திருப்பிச் சொல்லுறாய்?"

இப்படி ஒன்பது வருடம். இதில் நான் கொண்டுபோகாத செய்தி ஒன்றே ஒன்று. அதற்கு வருகிறேன்.

மசுக்குட்டி

இரண்டு பேரையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தது அக்காதான். பெரியண்ணையிடம் சின்னண்ணை வரமாட்டான் என்றார். சின்னண்ணையிடம் பெரியண்ணை வரமாட்டார் என்றார். இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டதும் இரண்டு பேரும் ஆட்டைப் பார்த்தார்கள்.

அக்கா கதிரையில் முருங்கைக்குக் கீழே இருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணைமார். நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். "கிட்ட நில்லுங்கோடா" என்றார். ஒருவரும் அசையவில்லை. மங்கையை இடது பக்கத்தில் நிறுத்தினேன். கமெராவை முக்காலியில் வைத்தேன். அழுத்தினேன். நடந்தேன். என் நடையை ஓட்டம் என்றும் சொல்லலாம்.

நான் போய்ச் சேரவும் பின்னால் ஏதோ அசைவு. டக்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். திரையில் படம் நின்றது. ஐந்து பேரும் இருந்தோம். மூலையில் சின்னதாக ஒரு சொல். இங்கிலிஸ் எழுத்து நாலு. ஒவ்வொன்றாகக் கூட்டினேன். டெமோ. முன்பு வந்ததில்லை. ஜேர்மன்காரர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரியவன் துரையின்ரை தோளிலை கை வைச்சிருக்கிறான்" என்று மெதுவாகச் சொன்னார். துரை என்பது சின்னண்ணை.

உண்மைதான். படத்தில் கை தோளில் இருந்தது. ஆனால் நான் நேரிலும் கண்டேன். முருங்கையிலிருந்து மயிர் அடர்ந்த மசுக்குட்டிப் புழு ஒன்று சின்னண்ணையின் தோளில் விழுந்தது. பட்டால் இரண்டு நாள் தடித்துக் கடிக்கும். பெரியண்ணை அதைத் தட்டிவிட்டார். தட்டிய கையைக் கமெரா பிடித்துவிட்டது.

"ஓம் அக்கா" என்றேன்.

படம் அணைந்தது. தேத்தண்ணி வந்தது. பெரியண்ணை குடையோடு முன் படலையால் போனார். சின்னண்ணை பின் வேலியால் போனார்.

காட் இல்லை

பொழுதுபடமுன் மங்கை முற்றம் கூட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னப்பா, வதனி காட்டைத் தந்திட்டாளோ?"

வதனி எங்கள் மகள். கொக்குவிலில் கலியாணம் முடித்து இருக்கிறாள். இரண்டு நாளுக்கு முன் வந்தவள், திருவிழாப் படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று கமெராவின் மெமரிக் காட்டைக் கழற்றிக்கொண்டு போனாள். என்னிடம் காட் ஒன்றுதான் இருக்கிறது. எனக்கு முன்னால்தான் கழற்றினாள். பையிலும் போட்டாள்.

கமெராவின் பக்க மூடியைத் திறந்தேன். வெறும் ஓட்டை.

காட் இல்லாவிட்டாலும் இந்தச் சாமான் படம் எடுக்கும். சத்தம் போடும். திரையிலும் காட்டும். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். காட் இல்லாமல் எடுத்தால் அதுதான் அந்த நாலு எழுத்து என்று மருமகன் போனில் சொன்னார். கடையில் ஆட்களுக்குக் காட்டுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்களாம். நாங்கள் கடையில் இல்லை.

அக்காவிடம் போனால் கோபிப்பார் என்று போகாமல் இருக்க ஏலாது. போனேன். அக்கா பயணப் பெட்டிக்கு முன்னால் இருந்து மிளகாய்த்தூள் பைகளைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, படம் இல்லை."

"என்ன படம்?"

"பின்னேரம் எடுத்தது. காட் வதனியிட்டை. நான் பாக்கேல்லை."

"நான் கண்ணாலை கண்டனானே."

"கண்டது சரி. அது போயிட்டுது."

அக்கா ஒரு பையை எடுத்தார், வைத்தார். அதே பையைத் திரும்ப எடுத்தார்.

"அந்தக் கையும் போயிட்டுதோ?"

அதற்குப் பிறகு அந்தப் பொய்யையும் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

"அது கை வைச்சதில்லை அக்கா. மசுக்குட்டி."

"தெரியும். எனக்கு முழங்கால்தான் பழுது, கண் இல்லை. விழேக்கை நானும் கண்டனான்."

"பேந்து?"

"தட்டிவிட்டவன் தானே. கடிக்கட்டும் எண்டு நிக்கேல்லை. அது காணும் எனக்கு." பையைச் சேலைக்குள் வைத்தார். "விடிய காட் வருமோ?"

"வரும்."

"நாளைக்குக் கிணத்திலை ஆரின்ரை முறை?"

"சின்னண்ணைக்கு ஆறரையோடை முடியுது. ஏழுக்குப் பெரியண்ணை."

"சரி. போய்ப் படு."

இன்னொரு தரம் அதே பொய்யைச் சொல்லி அவர்களைக் கூப்பிட முடியாது என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். வேறு என்ன செய்யப் போகிறார் என்று கேட்கவில்லை.

கைப்பை

விடிய மருமகன் காட்டை நகரத்துப் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து, பருத்தித்துறை போகிற பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். இங்கே அப்படித்தான். மருந்து, சாவி, பொய்ப்பல்லு எல்லாம் பஸ்ஸில் வரும். நான் புத்தூர்ச் சந்தியில் நின்றேன். கொண்டக்டர் ஒரு தீப்பெட்டியை நீட்டினார்.

"அண்ணை, கிலுக்கிப் பாத்தன். பல்லோ?"

"காட்."

"எனக்கு மூண்டு பல்லு வந்தது போன கிழமை. ஆரின்ரையெண்டு தெரியாமல் திருப்பிக் கொண்டுபோனன்."

சந்தியிலேயே காட்டைக் கமெராவுக்குள் போட்டேன். மூடியைத் திறந்து திரும்பவும் பார்த்தேன். கிணற்றடிக்குப் போகமுதல் இன்னொரு தரமும் பார்த்தேன்.

நான் போகும்போது அக்கா கிணற்றுக் கட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மங்கை பக்கத்தில். சின்னண்ணை மெசினுக்கு முன்னால் இடுப்பில் கையோடு நின்றார். மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் கட்ட வந்தவர். கொட்டில் ஆணியில் கயிறு இல்லை.

"அக்கா, கயித்தைத் தாங்கோ."

"தருவன்."

"எப்ப?"

"படம் எடுத்தாப்பிறகு."

"அப்ப எடுங்கோவன்."

"எல்லாரும் வரட்டும்."

சின்னண்ணைக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போகலாம். போனால் கயிறு ஆணியில் இருக்காது. கயிற்றை ஆணியில் கொழுவாமல் போனால் முறையை மறித்தவன் ஆவார். ஒன்பது வருடமாக அந்தச் சொல்லுக்குத்தான் அவர் இடம் கொடுக்கவில்லை. நின்றார்.

ஏழு மணிக்குப் பெரியண்ணை வந்தார். மண்ணெண்ணெய்க் கான் கையில். இடுப்பில் பழைய சாரம். சேட்டு இல்லை.

"என்ன இது?" என்று என்னிடம் கேட்டார்.

"நேத்துப் படம் விழேல்லை" என்றேன். "காட் இல்லை."

"கமெராக்குள்ளை காட் இல்லாமல் எடுத்தனியோ?"

"ஓம்."

"மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் கயிறு இழுக்கிறவங்களைக் கண்டிருக்கிறன்" என்றார். அக்காவிடம் போய்க் கையை நீட்டினார். அக்கா கைப்பையின் சிப்பை இழுத்து மூடினார்.

"உதிலை நில், பெரியவன். பத்து மணிக்கு என்ரை வான்."

பத்துச் செக்கன்

கமெராவைக் கள்ளிப்பெட்டியின்மேல் வைத்தேன். பெட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு வாய்க்கால். ஈரம்.

முதல் படம். நான் இரண்டாவது வாய்க்காலில் நிற்கும்போது டக். என் முதுகு மட்டும்.

திரும்ப வந்து முறையை மாற்றி அழுத்தினேன். இரண்டாவதும் முதுகு. மூன்றாவதில் அரைவாசி முகம். நாலாவதில் மங்கை, "விழப்போறியள்" என்று என்னைப் பிடிக்க வந்துவிட்டாள். ஐந்தாவதில் அக்கா தும்மினார்.

"பெட்டியைக் கிட்ட வையன்" என்றார் பெரியண்ணை.

"கிட்ட வைச்சால் ஐஞ்சு பேரும் கொள்ளாது."

"அப்ப நீ கெதியா வா."

"வந்தனான்."

"வந்தனியோ? நத்தை உன்னைக் கடந்து போகுது."

சின்னண்ணை சிரித்தார். சிரித்ததை மறைக்கக் கிணற்றுக்குள் பார்த்தார். அது ஏழாவது. அதில் அவருடைய பிடரி.

ஒன்பதாவதில் எல்லாம் சரி, நான் இல்லை. அது காணும் என்று நான் அக்காவிடம் சொன்னேன். "நீயும் அம்மான்ரை வயித்திலை பிறந்தனிதானே, நில்லு" என்றார்.

பதினோராவதுக்கு நான் அழுத்திவிட்டு வரும்போது பெரியண்ணை காற்றைப் பார்த்துச் சொன்னார்:

"என்ரை முறை போகுது."

டக்.

பன்னிரண்டாவதுக்கு வரும்போது சின்னண்ணையின் குரல்.

"ஆரின்ரையும் முறையைத் தின்ன ஒருத்தரும் இஞ்சை நிக்கேல்லை."

அதையும் காற்றைப் பார்த்துத்தான் சொன்னார். டக்.

நான் போவதும் வருவதுமாக இருந்தேன். போகும்போது ஒன்றும் கேட்காது. வரும்போது பாதி கேட்கும். பதின்மூன்றாவதில் பெரியண்ணை, "தின்னேல்லையோ? வெங்காயம் தன்பாட்டிலை வாடினதோ?" என்றார். அப்போது அவர் காற்றைப் பார்க்கவில்லை. பதினாலாவதில் சின்னண்ணை, "கேட்டுத்தான் இறைச்சனான்" என்றார். நேரே முகத்தைப் பார்த்து. பதினைந்தாவதில் அக்கா வாயைத் திறந்தார், மூடினார். மங்கை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், நிற்கவேண்டாம், எடு என்று. நான் எடுத்தேன்.

பதினாறாவதுக்கு வரும்போது:

"ஆரைக் கேட்டனி?"

"அண்ணியை. படலையிலை நிண்டு கேட்டனான். 'இறையுங்கோ தம்பி, இவர் இண்டைக்கு இல்லைத்தானே' எண்டவ."

டக்.

பெரியண்ணையின் முகம் எனக்குத் தெரிந்தது. நான் திரும்பிப் பெட்டிக்குப் போனேன். முறையை மாற்றினேன். விரல் வழுக்கியது. இரண்டாம் தரம் அழுத்தி லைற் மின்னத் தொடங்கியது. நடந்தேன்.

"அவள் எனக்குச் சொல்லேல்லை" என்றார் பெரியண்ணை.

"நான் சொல்லிவிட்டனான். அண்டைக்குப் பின்னேரமே சொல்லிவிட்டனான். நீங்கள்தான் கேட்டும் கேளாத மாதிரி இருந்தனீங்கள்."

"ஆரிட்டைச் சொல்லிவிட்டனி?"

சின்னண்ணை என் பக்கம் கையை நீட்டினார். நான் வந்து என் இடத்தில் நின்றேன். அன்று அந்த ஒரு தரம்தான் நேரத்துக்கு வந்தேன்.

"உனக்குத் தெரியுமோ?" பெரியண்ணை கேட்டார்.

லைற் கெதியாக மின்னியது.

"ஓம்" என்றேன்.

டக்.

சொல்லாத செய்தி

அது இதுதான். அன்று பின்னேரம் நான் அந்தச் செய்தியோடு பெரியண்ணை வீட்டுக்குப் போனேன். படலையில் அண்ணி மறித்தார். அவருக்கு வெங்காயத்தின் பருவம் மறந்துபோய்விட்டது. யோசிக்காமல் ஓம் சொல்லிவிட்டார். "தம்பி, அதை மட்டும் இவருக்குச் சொல்லாதையுங்கோ. நான் ஆறுதலாச் சொல்லுறன்" என்றார். அழுதார்.

ஆறுதலாக ஒரு நேரம் வரவில்லை. ஐந்து வருடம் கழித்து அண்ணி நோயில் போனார். அதற்குப் பிறகு சொன்னால் செத்த மனுசியில் பழி போட்ட மாதிரி. சொல்லவில்லை. பிழைதான். சின்னண்ணைக்கு நான் சொல்லிவிட்டேன் என்றே நினைப்பு. அவருக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைத்தான் கிணற்றடியிலும் சொன்னேன். இதைவிடக் குறைவாகச் சொன்னேன்.

பெரியண்ணை கிணற்றுக் கட்டில் இருந்தார். மண்ணெண்ணெய்க் கானின் மூடியைத் திறந்தார், பூட்டினார். சின்னண்ணை என்னை அடிக்க வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. "ஒன்பது வருசம் என்னைக் கள்ளனா வைச்சிருந்தனி" என்றார்.

அக்காதான் சொன்னார்.

"இன்னும் ஒண்டு எடு."

"அக்கா..."

"எடு."

போனேன். அழுத்தினேன். வந்தேன். டக். இன்னொன்று என்றார். போனேன்.

அதுவும் முடிந்தபின் பெரியண்ணை எழும்பினார். சின்னண்ணைக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உவனிட்டைச் சொல்லு. இண்டைக்கு அவனே இறைக்கட்டாம். கன்று வாடுது."

நான் வாயைத் திறந்தேன்.

"கேட்டது" என்றார் சின்னண்ணை.

அக்கா கைப்பையைத் திறந்து கயிற்றை எடுத்தார். அதோடு ஒரு மிளகாய்த்தூள் பையும் வந்தது. அதைத் திரும்ப உள்ளே வைத்தார். கயிற்றைப் பெரியண்ணை வாங்கினார். சின்னண்ணையிடம் கொடுக்கவில்லை. தானே மெசினில் சுற்றி இழுத்தார். மூன்றாவது இழுவையில் பிடித்தது. பிறகு மெசின் சத்தத்தில் ஒருவர் சொல்வதும் மற்றவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கத்திக் கதைக்க வேண்டியிருந்தது. வாய்க்கால் உடைப்பைப் பற்றி என்று நினைக்கிறேன்.

வான் பத்து மணிக்கு வந்தது. பெரியண்ணை பெட்டியை ஏற்றினார். சின்னண்ணை ஈரக் காலோடு ஓடி வந்து மற்றப் பெட்டியை ஏற்றினார். என்னோடு சின்னண்ணை அன்று கதைக்கவில்லை. அடுத்த மாதம்தான் கதைத்தார்.

அனுப்பினது

அடுத்த ஞாயிறு வதனி வந்து படங்களைக் கொம்பியூட்டரில் போட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நல்ல படம் என்று ஒன்றும் இல்லை. அந்தப் பதினேழாவதில் ஐந்து பேரும் இருக்கிறோம். ஒருவரும் கமெராவைப் பார்க்கவில்லை. அண்ணைமார் இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் நிலத்தைப் பார்க்கிறேன். அக்கா கண்ணை மூடியிருக்கிறார். தெளிவாக விழுந்தது பின்னால் நின்ற வாழை.

அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தார். எது வேண்டும் என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் அனுப்பு. ஒண்டும் அழிக்காதை."

"கண் மூடினதுமோ?"

"ஓம்."

"என்ரை முதுகு மட்டும் இருக்கிறதுமோ?"

"அதுவும்தான். பின்னாலை அவங்கள் ரெண்டு பேரும் நிக்கிறாங்கள் எல்லோ."

"சுவரிலை எதை மாட்டப்போறியள்?"

"எல்லாத்தையும். சுவர் பெரிசு. எத்தினை ஆணி வேணுமெண்டு மட்டும் சொல்லு."

வதனி எண்ணினாள். நானும் எண்ணினேன்.

பத்தொன்பது.